மூக்கம்மாளின் பாத்தியில் இலை பழுத்த வருடம்

மூக்கம்மாளை எனக்குத் தெரியவந்தது கத்தரிக்காய் மூலமாகத்தான். 1964 ஐப்பசியில் அந்த ஊருக்கு நர்ஸாகப் போய்ச் சேர்ந்தேன். எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் இடையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் உள்ளே நடக்க வேண்டும். வழி நெடுகக் கரிசல். பருத்தி, கம்பு, கொஞ்சம் மல்லி. பச்சைக் காய் என்று எதையாவது பார்த்தால் அது அருப்புக்கோட்டைச் சந்தையிலிருந்து வந்து பாதி வாடியதாக இருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது படியில் ஏழெட்டுக் கத்தரிக்காய் கிடந்தது. காம்பு பச்சையாக, அப்போதுதான் பறித்தது. வைத்தவள் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

"புது வீட்டுக்குக் குடி வந்திருக்கீக. நான் மொதல்ல வாசல் ஏறக் கூடாது" என்று அங்கிருந்தே சொன்னாள்.

அவள் கட்டியிருந்த வெள்ளைச் சேலையைப் பிறகுதான் கவனித்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். முப்பதைத் தொடவில்லை.

பாலவனத்தத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் இந்த ஊர் இருளாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினோரு வருடம் குடும்பம் நடத்தினாள். பிள்ளை இல்லை. 1962-ல் இருளாண்டி டைபாய்டில் போய்விட்டான். அவனை வண்டி கட்டி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனது காய்ச்சல் கண்டு இருபத்திரண்டாம் நாள். அதற்குப் பிறகு அவள் அதே வீட்டில், கணவனின் தம்பி தவசியின் குடும்பத்தோடு இருந்தாள். தவசிக்கு மானாவாரி நிலம் பதினைந்து ஏக்கர். மனைவி தங்கம்மாள், மூன்று பிள்ளைகள்.

இருந்தாள் என்று எழுதுவது சுலபம். பிள்ளையில்லாத விதவை ஒரு வீட்டில் இருப்பதற்குத் தினமும் ஒரு காரணம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். களையெடுப்பு, பருத்தி எடுப்பு, கம்பு இடிப்பு எல்லாம் கூலிக்கு வைத்தாலும் நடந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் இருந்த நான்கு பாத்தி அப்படி அல்ல. அதை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். கத்தரி ஒரு பாத்தி, மிளகாய் ஒன்று, வெண்டை ஒன்று, சீனியவரை ஒன்று. வீட்டுக் குழம்புக்குக் காய் அங்கிருந்துதான் வந்தது. மிஞ்சியதைத் தெருவுக்குக் கொடுத்தாள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் அதே பெண்கள், சாயங்காலம் பின்வழியாகக் கிண்ணத்தோடு வந்து, "மூக்கம்மாக்கா, ரெண்டு காய்" என்று நிற்பார்கள். அவளும் கொடுப்பாள். ஊரில் அவளை யாராவது தேடி வந்தது அந்தப் பாத்திக்காக மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும்.

அந்த ஊரில் தண்ணீர் என்றால் ஊருணிதான். ஊருணி வற்றினால் அரை மைல் தள்ளி ஒரு கிணறு. செடிக்கு என்று தனியாகத் தண்ணீர் சுமக்க யாருக்கும் தெம்பு கிடையாது. குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம் சேர்த்து நாலைந்து குடம் தேறும். அதைத்தான் மூக்கம்மாள் செரட்டையில் மொண்டு செடிக்குச் செடி தூரில் ஊற்றுவாள். ஒன்பது வருடம் அந்தச் செடிகள் அப்படியே நன்றாகக் காய்த்தன.

1973 தை மாதம் ஊருக்கு இரண்டு அடிகுழாய் வந்தது. ஒன்று கோயிலுக்குப் பக்கம். இன்னொன்று தவசி வீட்டுப் பின்சுவரை ஒட்டிய சந்தில். குழாய் போட்டவர்கள் முதல் தண்ணீரை அடித்துக் காட்டியபோது ஊரே நின்றது. மூக்கம்மாள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு போய் அடித்தாள். அன்று அவள் எத்தனை குடம் கொண்டுபோனாள் என்று அவளுக்கே தெரியாது.

"பத்து எட்டு வச்சா தண்ணி நர்சம்மா. பத்து எட்டு!" என்று என்னிடம் வந்து சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அந்த வாரமே புது நாற்று நட்டாள். பாத்தியைச் சுற்றி வரப்பை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினாள், ஒரு சொட்டு வெளியே போகாதபடி. காலையில் முப்பது குடம், சாயங்காலம் முப்பது குடம். இருபது நாள் செடி திமுதிமுவென்று வந்தது. மாசி பிறந்ததும் அடியிலை பழுக்கத் தொடங்கியது.

முதலில் கத்தரி. அடியில் இருந்த இரண்டு மூன்று இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தது. பிறகு மிளகாய். பிறகு வெண்டை. காலை வெயிலுக்கே செடி தலை தொங்கியது. தலை தொங்கினால் தண்ணீருக்குத் தவிக்கிறது என்றுதான் அந்த ஊரில் யாரும் சொல்வார்கள். மூக்கம்மாள் காலையில் நாற்பது ஆக்கினாள். அப்புறம் மத்தியானமும் ஊற்றினாள். தங்கம்மாள் சாம்பல் தூவினாள், மோர் தெளித்தாள், உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பழைய பானையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கம்பில் கவிழ்த்தார்கள். செடி இன்னும் மஞ்சளாகியது.

நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் விவசாயிக்குப் பயம் தண்ணீர் வடியாமல் நிற்பதுதான். தங்கம்மாளின் கடைசிக் குழந்தைக்கு எடை பார்க்கப் போனபோது அந்தப் பாத்தியில் காலை வைத்தேன். கணுக்கால் வரை புதைந்தது.

"மூக்கம்மா, தண்ணி ரொம்பப் போகுது. சேறாக் கிடக்கு பாரு. வேர் அழுகிடும்."

அவள் சிரித்துவிட்டாள். "தண்ணில அழுகுமா? நல்ல கதை. உங்க ஊருல ஆறு ஓடுது, எது வேணாலும் அழுகும். இங்கன தண்ணி இல்லாமச் செத்ததத்தான் நாங்க பாத்திருக்கோம்."

"கரிசல் மண்ணு. குடிச்ச தண்ணியை லேசுல விடாது. ஒரு வாரம் ஊத்தாம விட்டுப் பாரு."

"பைப்பு பக்கத்துல இருக்கு, செடி நாக்கு வறண்டு நிக்குது, ஊத்தாதேங்கிறீக. பாவமில்லையா நர்சம்மா?"

அன்று இன்னும் ஏழு வீடு போக வேண்டியிருந்தது. உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மாசிப் பாதியில் அவள் என்னைத் தேடி வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அடிகுழாய்க் கைப்பிடி உரசி உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது. கொப்பளம் உடைந்த கையோடு சாணமும் சேறும் பிசைந்திருக்கிறாள். கை மணிக்கட்டு வரை வீங்கிப் பழுத்திருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. அக்குளில் நெறி கட்டியிருந்தது. அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கீறிச் சீழை எடுத்தார். பென்சிலின் ஊசியும் தினம் கட்டு மாற்றுவதும் என் பொறுப்பு.

"பதினஞ்சு நாள் இந்தக் கை தண்ணியில படக் கூடாது. பட்டா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அந்த ஊரில் அப்படிச் சொன்னால்தான் நடக்கும்.

"செடிக்கு யாரு ஊத்துவா?"

"யாரும் ஊத்த வேண்டாம்."

அவள் தங்கம்மாளைக் கேட்டாள். செத்த செடிக்குச் சவரட்சணை வேறயா என்று தங்கம்மாள் சொல்லிவிட்டாள். ஆக, பதினைந்து நாள் அந்தப் பாத்திக்கு யாரும் தண்ணீர் விடவில்லை. குளித்த தண்ணீர்கூடப் பாத்திக்கு வராமல் சந்துக்குள் வீணாகப் போனது.

சேறு வற்றி மண் வெடித்தது. பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ கத்தரியில் கொழுந்து வந்தது. ஆறேழு செடி அழுகிச் செத்திருந்தது, மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. பங்குனி பிறந்தபோது பாத்தி மறுபடி பச்சையாக நின்றது.

எனக்குச் சந்தோஷம்தான். இனி வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் முட்டாள்தனம் அது. கட்டுப் பிரிக்கும் நாளில் நானே அந்த வீட்டுக்குப் போனேன். தங்கம்மாள் என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"பாத்தீகளா நர்சம்மா? அவுக கை படாம பதினஞ்சு நாள் இருந்துச்சு. எப்படித் தளிச்சிருக்கு பாருங்க."

எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. "தங்கம்மா, தண்ணி விடாததால தளிச்சிருக்கு. கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"தண்ணி ஊத்துனாச் செடி வாடும், ஊத்தாட்டித் தளிக்கும். இத ஊருக்குள்ள போயிச் சொல்லிராதீக. அப்புறம் உங்ககிட்ட ஊசி போட ஒருத்தரும் வரமாட்டாக."

"ஒன்பது வருஷமா அவ கைதான் பட்டுச்சு. அப்ப காய்க்கலையா?"

"அப்ப காய்ச்சுச்சு. இப்ப என்ன தோசமோ."

மூக்கம்மாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டை அவிழ்த்தபோது கையை நீட்டவே தயங்கினாள். புண் ஆறி, உள்ளங்கையில் சிவப்பாகப் புதுத்தோல் இருந்தது.

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு நர்சம்மா" என்றாள், மெதுவாக.

"உன் கையில இருந்தது சீழ். எடுத்தாச்சு. வேற ஒண்ணும் கிடையாது."

என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அன்று காலையில் இரண்டு பிரசவம் பார்த்திருந்தேன். பொறுமை மிச்சமில்லை.

அன்றிலிருந்து தங்கம்மாள் பாத்திக்குப் போகும் பின்கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். முதலில் மூக்கம்மாள் பாத்திக்குள் இறங்கக் கூடாது என்றாள். அடுத்த வாரம் கம்பு கொட்டி வைத்திருக்கும் குதிரில் கை வைக்கக் கூடாது. அதற்கடுத்து, கடைசிக் குழந்தையைத் தூக்க வேண்டாம், பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்றாள். தங்கம்மாள் கெட்டவள் இல்லை. ஒரு நோயாளிக்கு எதைக் கொடுத்தாலும் ஆகவில்லை என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம் அல்லவா, அவளும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டு போனாள். பங்குனிப் பொங்கல் வேறு நெருங்கிவிட்டது. அந்த வருடம் தங்கம்மாள் மாரியம்மனுக்குச் சட்டியில் தானியம் முளைக்கவிட்டு முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். முளைப்பாரி வளரும் வீட்டில் மூக்கம்மாள் இருக்க வேண்டாம் என்று தவசியிடம் சொன்னாள்.

தவசி சண்டை என்றால் காட்டுக்குப் போய்விடும் ஆள். அவன் பாலவனத்தத்துக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டான். அக்காளைக் கொஞ்ச நாள் கூட்டிப்போய் வைத்திருக்க வேண்டியது, காப்புக் கட்டுக்கு முன்பு வரவும் என்று மூக்கம்மாளின் தம்பி தனுஷ்கோடிக்கு.

காப்புக் கட்டு என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. பொங்கலுக்கு எட்டு நாள் முன்பு கோயிலில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் யாரும் அந்த எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. தங்கினால் அந்த வீட்டுக்கு ஆகாது. பிரசவத்துக்குக்கூட அந்த எட்டு நாளில் யாரையாவது டவுனுக்கு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் மூக்கம்மாளை அனுப்புவதென்றால் காப்புக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

"கொஞ்ச நாளுன்னு போட்டிருக்காரு கொழுந்தனாரு" என்று மூக்கம்மாள் என்னிடம் சொன்னாள். "அங்க என் தம்பி, பொண்டாட்டி, அஞ்சு புள்ளைக, ஒத்த அறை. எனக்கு அங்க ஒரு மூலையும் இல்ல. போனா திரும்பக் கூப்பிட மாட்டாக. இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னு ஆயிரும்."

"தவசிகிட்ட நான் பேசவா?"

"பேசி? ஆம்பளைய நடுவுல நிறுத்தி என்ன ஆகப்போகுது. வீட்டுல இருக்கப்போறது அவளும் நானுந்தான்."

காப்புக் கட்டு செவ்வாய்க்கிழமை. அன்று காலை பத்து மணிக்குத் தனுஷ்கோடி வந்துவிட்டான். கைக்குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போடும் நாள் என்பதால் நானும் அங்கே இருந்தேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்து கம்பங்கஞ்சி குடித்தான். அக்காளின் மூட்டை பக்கத்தில் இருந்தது, ஒரு பழைய சேலையில் கட்டியது. அவள் பதினாறு வயதில் கொண்டுவந்தது அதைவிடப் பெரியதாக இருந்திருக்கும்.

"வீட்டுல சொல்லிட்டேன்க்கா" என்றான் தனுஷ்கோடி, கஞ்சியைப் பார்த்தபடி. "மாட்டுக் கொட்டத்துல ஒரு பக்கம் தட்டி கட்டிறலாம்."

"மாட்டுக்கு எடஞ்சலா இருக்காதாலே?"

அவன் தலை நிமிரவில்லை. "பன்னெண்டரை பஸ்ஸ விட்டா அடுத்து நாலு மணிதான். நாலு மணிக்குன்னா காப்பு நெருங்கிரும்."

"போயிருவோம். ஒரு தடவ பாத்தியப் பாத்துட்டு வாரேன்."

அவள் பின்கதவைத் தள்ளினாள். நானும் ஊசிப் பெட்டியை மூடிவிட்டுப் பின்னால் போனேன். தங்கம்மாள் பாத்தி நடுவில் குடத்தோடு நின்றாள், இடுப்பில் ஒரு கை. கதவு திறந்த சத்தத்துக்குத் திரும்பினாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல அவள் முகம் போயிற்று.

பாத்தி பழையபடி மஞ்சள். கத்தரி தலை தொங்கிக் கிடந்தது. மிளகாய் அடியிலை எல்லாம் உதிர்ந்து சேற்றில் ஒட்டியிருந்தது. இரண்டு வாரமாக அந்தக் கதவை ஏன் பூட்டியே வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"என்ன தங்கம் இது?" என்றாள் மூக்கம்மாள்.

"என்ன?"

"பழுத்துக் கெடக்கு."

"வெயிலு."

"எத்தன கொடம் ஊத்துற?"

"நீங்க ஊத்துனதத்தான் ஊத்துறேன்!" தங்கம்மாளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "காலைல முப்பது, சாயந்தரம் முப்பது. நேத்து வாடுச்சேன்னு மத்தியானமும் ஊத்துனேன். இந்தப் பைப்ப அடிச்சு அடிச்சு என் இடுப்பே கழண்டுபோச்சு. எந்தச் சிறுக்கி கண்ணு வச்சாளோ."

"இந்தப் பாத்திய யாரு பாத்தா? கதவத்தான் பூட்டிட்டியே. நான் பாக்கல. அப்ப நீதான்."

மூக்கம்மாள் சேற்றில் இறங்கி ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கினாள். இழுக்க வேண்டியதே இல்லை, கையோடு வந்தது. வேரை விரலால் நீவினாள். மேல்தோல் காலுறை கழல்வது போலக் கழன்று வந்தது. மோந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். குட்டைத் தண்ணீர் நாற்றம்.

"நர்சம்மா, நீங்க மாசிலயே சொன்னீக."

"சொன்னேன்."

"இவ சுமங்கலி கைதான. என் கையும் இல்ல, தோசமும் இல்ல. இவ கையிலயும் அழுகுது." அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை வந்தவள் போலச் சொன்னாள். தங்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூக்கம்மாள் மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டினாள். தேங்கிய தண்ணீர் சந்துக்குள் ஓடியது. ஒரு பாத்தி முடிந்து அடுத்த பாத்தி. அழுகிய செடிகளைப் பிடுங்கிக் குவித்தாள். நிற்கும் செடிகளின் தூரில் சேற்றை விலக்கி மண்ணைக் கிளறிவிட்டாள். ஆறிய கையைப் பார்த்து வேலை செய் என்று நான் ஒரு தடவை சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

"அக்கா, பஸ்ஸு" என்று உள்ளேயிருந்து தனுஷ்கோடி குரல் கொடுத்தான்.

"வாரேன்லே."

வரவில்லை. நான் ஊருக்குள் மற்ற வீடுகளுக்குப் போய்விட்டு இரண்டரை மணிக்குத் திரும்பியபோதும் அவள் பாத்தியில்தான் இருந்தாள். பன்னிரண்டரை பஸ் போய்விட்டது. தவசி காட்டிலிருந்து வந்து, குளித்து, கோயிலுக்குப் போக வேட்டி மாற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றான். பாத்தியை அவனும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"நாலு மணி பஸ்ஸுக்கு இப்பக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும் மச்சான்" என்றான் தனுஷ்கோடி.

தவசி மனைவியைப் பார்த்தான். தங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எழுவதற்கே இரண்டு முறை முயன்றாள். பின்பக்கம் மூக்கம்மாள் காலைக் கழுவும் சத்தம் கேட்டது. அவள் மூட்டையை எடுக்க வருவாள் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

அப்போது கோயிலில் கொட்டு அடித்தார்கள்.

அது ஆட்களைக் கூப்பிடும் கொட்டு. அம்மனுக்குக் காப்பு ஏறுவது விளக்கு வைத்த பிறகுதான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். தங்கம்மாளுக்குத் தெரியாதா?

"கொட்டு அடிச்சாச்சு" என்றாள் தங்கம்மாள். "இனிம எங்கிட்டுப் போறது? காப்புக்கப்புறம் ஊரத் தாண்டுனா வீட்டுக்கு ஆகாது."

தவசி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "ஆமா. ஆகாது" என்றான்.

நானும் பேசாமல் இருந்தேன்.

"அப்ப நான் மட்டும் கெளம்பவா மச்சான்?" தனுஷ்கோடி அதற்குள் எழுந்துவிட்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பொங்கல் கழிச்சு நீங்க ஒரு கார்டு போடுங்க, வாரேன்" என்று வாசலிலிருந்தே சொன்னான். மூக்கம்மாள் ஈரக் காலோடு வெளியே வந்தபோது அவன் தெருமுனை தாண்டி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

அவள் நின்று பார்த்தாள்.

"இந்த ஓட்டத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருந்தா இந்நேரம் கலெக்டரு ஆயிருப்பான்" என்றாள். சிரிக்கவில்லை. தங்கம்மாள்தான் சிரித்தாள், சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே.

எட்டு நாளும் முளைப்பாரி அந்த வீட்டு அறைக்குள் இருட்டில் வளர்ந்தது. மூக்கம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. பாத்திக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும் போனாள். முளைப்பாரி நன்றாக வந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை.

பாத்தி பிழைத்தது தண்ணீரைக் குறைத்ததால் என்று ஊரில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பல் போட்டது என்றார்கள், பானை கவிழ்த்தது என்றார்கள். தங்கம்மாளுக்கும் நான் சொன்னது புத்தியில் ஏறியதாகத் தெரியவில்லை. தினம் அறுபது குடம் அடிப்பது தன்னால் ஆகாது என்பது மட்டும் அவளுக்கு இடுப்பில் ஏறியிருந்தது. அந்த வீட்டில் நியாயம் அந்த வழியாகத்தான் வந்தது. எந்த வழியாக வந்தாலும் சரி என்று விட்டுவிட்டேன். பதினான்கு வருடம் அந்தப் பகுதியில் வேலை பார்த்தவளுக்கு அவ்வளவு அலுப்பு இருக்கத்தான் செய்யும்.

பொங்கல் முடிந்த மறுநாள் மூக்கம்மாள் கையைக் காட்ட வந்தாள். மண்வெட்டி பிடித்ததில் புதுத்தோல் லேசாக உரிந்திருந்தது. மருந்து தடவினேன்.

"என்ன, கார்டு போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேப்பனா? கேட்டாத்தான பதிலு வரும்."

1978-ல் எனக்கு மாற்றல் வந்து அந்த ஊரை விட்டுப் புறப்பட்டேன். அதுவரை அவள் கேட்கவில்லை.